அழுத்தக் குழுக்கள்: மக்களாட்சிக்குத் துணையா, இடையூறா?

(ஊராட்சிச் செயலர்கள், மகளிர் குழுக் கூட்டமைப்பினர், விவசாயிகள் சங்கத்தினர், இளைஞர் மன்றத்தினர் ஆகியோருக்கென நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



முகாமின் இரண்டாம் நாளாகிய இன்று பேசுமாறு நமக்குத் தரப்பட்டுள்ள பொருள் சற்றுக் கடினமானது. சங்கமாகவும் குழுவாகவும் ஒன்றுகூடி அரசாங்கத்தை நெருக்குகின்றவர்களால் மக்களாட்சிக்கு விளைவது நன்மையா, தீமையா என்பதே அப்பொருள். அரசியல் நூல்கள் இத்தகையோரை 'அழுத்தக் குழுக்கள்' என்று அழைக்கின்றன. அப்பெயரைக் கேட்டவுடன், தலைநகரத்து மாளிகையொன்றில் அமர்ந்து அமைச்சர்களைச் சந்திக்கும் பெருஞ்செல்வர்களின் உருவமே நம் மனக்கண்முன் தோன்றக்கூடும். அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. பத்துப் பேர் சேர்ந்து ஒன்றிய அலுவலகத்துக்கு வந்து, லெட்டர்பேடில் எழுதி முத்திரையிட்ட மனுவை மேசைமீது வைத்தால், அங்கே ஓர் அழுத்தக் குழு வந்துவிட்டது என்று கொள்ளலாம். இக்கூடத்தில் இருப்போரில் அப்படி வராதவர்கள் சிலரே. அலுவலர்களாகிய நாமும் விலக்கல்லோம். நமக்கும் சங்கங்கள் உண்டு. அவையும் அரசை நெருக்கத்தான் செய்கின்றன. ஆகவே, பிறர்மீது குறை காணும் உரையாக இதனை எவரும் எடுத்துக்கொள்ள வேண்டுவதில்லை.

முதற்கண் ஒரு தெளிவு. அரசியல் கட்சி ஆட்சியைப் பிடிக்க விரும்புகிறது. அழுத்தக் குழு ஆட்சியில் இருப்பவரைக் கொண்டு தன் காரியத்தை முடித்துக்கொள்ள விரும்புகிறது. இதற்கு அமெரிக்க நாட்டில் 1893-ஆம் ஆண்டில் தோன்றிய மதுக்கடை எதிர்ப்புக் கழகம் நல்ல எடுத்துக்காட்டு. அக்கழகம் தனக்கென ஒரு கட்சியை அமைத்துக்கொள்ளவில்லை. எக்கட்சி வேட்பாளராயினும் மதுவிலக்குக்கு வாக்களிப்பேன் என்று உறுதி கூறினால் ஆதரவு, இல்லையேல் எதிர்ப்பு. அவர் தம் வீட்டில் குடிக்கிறாரா என்பதைப் பற்றிக்கூட அது கவலை கொள்ளவில்லை! சிறு தொகையினரான வாக்காளர்களை ஒரே முனையில் திருப்பும் இம்முறையால், நாடு முழுவதற்குமான மதுவிலக்கை அரசியல் சட்டத்திலேயே எழுதச் செய்து, 1920-இல் நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டது. பதின்மூன்று ஆண்டுகளில், 1933-இல், அத்திருத்தமே நீக்கப்பட்டது. மனம் மாறாமல், அச்சத்தால் மட்டும் உயர்த்தப்பட்ட கைகளைக் கொண்டு இயற்றப்பட்ட சட்டம் நெடுநாள் நில்லாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவ்வளவு ஆபத்து உண்டெனில், இக்குழுக்களே வேண்டாம் என்று சொல்லிவிடலாமே எனச் சிலர் நினைக்கலாம். அப்படிச் சொல்ல இயலாது. சங்கம் அமைக்கும் உரிமையை நம் அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு வழங்கியிருக்கிறது. உரிமை என்பது ஒருபுறமிருக்க, தேவையும் உண்டு. ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை நாம் வாக்களிக்கிறோம். வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளரின் பெயரும் சின்னமும் இருக்கின்றன. தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எழுதுவதற்கு அதில் இடமில்லை. அந்தக் குறையைச் சொல்ல ஐந்தாண்டு காத்திருக்க எவராலும் முடியாது. தனி ஒருவராக வந்து சொன்னாலோ, உண்மையைச் சொல்வதானால், 'பார்க்கலாம்' என்ற விடையுடன் அவர் திரும்ப நேரும்.

குழுக்களால் விளையக்கூடிய நன்மைக்கு நாம் அறிந்தவற்றுள் மிகச் சிறந்த உதாரணம் ராஜஸ்தான் மாநிலத்தில் நிகழ்ந்தது. கிராம வளர்ச்சிப் பணியில் உள்ளோர் யாவரும் அறிந்திருக்க வேண்டியதாகையால், அதனைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம்.

ராஜஸ்தானத்தில் வறட்சிக் காலங்களில் அரசாங்கம் நிவாரண வேலைகளை நடத்துவது வழக்கம். குளம் வெட்டுதல், சாலை போடுதல் முதலியவற்றில் ஆணும் பெண்ணுமாக ஏழை மக்கள் வேலை செய்வர். அவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுப்பது, அரசியலமைப்பு விலக்கியுள்ள கட்டாய உழைப்புக்கு ஒப்பாகும் என்று 1983-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் தீர்ப்பு தில்லியிலே இருந்தது. கூலி கிராமத்திலே இருந்தது. இரண்டுக்கும் இடையே வழி ஏற்படவில்லை.

சென்னையில் பிறந்தவரும், 1968-இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளில் அதனை விட்டு விலகியவருமான அருணா ராய் அம்மையார், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோருடன் 1987-இல் தேவ்டூங்ரி என்னும் சிற்றூரில் ஒரு மண்வீட்டில் குடியேறினார். 1990-ஆம் ஆண்டு மே தினத்தன்று அவ்வட்டாரத்து உழைப்பாளிகளையும் சிறு விவசாயிகளையும் கொண்டு 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்' என்ற அமைப்புத் தோன்றியது. அதன் ஊழியர்கள் குறைந்தபட்சக் கூலியளவே பெற்று வாழ்ந்தனர் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

முழுக் கூலி ஏன் தரவில்லை என்று தொழிலாளர்கள் கேட்டபோது, 'நீங்கள் முழு வேலை செய்யவில்லை. அளவுப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது' என்று பதில் வந்தது. 'அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கள்' என்றால், 'அது அரசாங்கத்து இரகசியம்' என்றனர். கூலிச் சண்டையாகத் தொடங்கியது கணக்குச் சண்டையாக மாறியது அப்பொழுதுதான். கணக்கு மூடியிருக்கும் வரையில் கூலி வராது என்பதை, எழுதப் படிக்கத் தெரியாத அம்மக்கள் கண்டுகொண்டனர்.

1994 டிசம்பர் 2-ஆம் நாள் பாலி மாவட்டத்துக் கோட் கிரானா என்னும் ஊரில் முதல் 'ஜன் சுன்வாய்', அதாவது மக்கள் விசாரணை, நடைபெற்றது. அரிதின் முயன்று பெற்ற மஸ்டர் ரோல்களும் பில்களும் ஊர் மக்கள் முன்னிலையில் உரக்கப் படிக்கப்பட்டன. வேலைக்கே வராதவர்களின் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது. முடிவுறாத கட்டடம் முடிவுற்றதாகக் காட்டப்பட்டிருந்தது. தணிக்கையாளர் பல நாள் உட்கார்ந்தாலும் கண்டுபிடிக்க முடியாததை ஊரார் ஒரு பகலில் கண்டுபிடித்தனர். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. பட்டியலில் உள்ள பெயர் தணிக்கையாளருக்கு வெறும் பெயர். ஊராருக்கோ அண்டை வீட்டுக்காரர்.

உள்ளூர் வளர்ச்சிப் பணிகளின் கணக்கு நகல்களைப் பொதுமக்கள் பெறலாம் என்று அம்மாநில முதலமைச்சர் 1995-இல் சட்டமன்றத்தில் அறிவித்தார். அறிவிப்பு ஆணையாகாமல் ஓராண்டு கழிந்தது. 1996 ஏப்ரலில் பியாவர் நகரத்தில் அம்மக்கள் தர்ணாவில் அமர்ந்தனர். நாற்பது நாட்கள் அது நீடித்தது. நகரத்து மக்கள் தானியமும் காய்கறியும் கொடுத்து ஆதரித்தனர். 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்பதே அவர்களுடைய முழக்கம். 2000-ஆம் ஆண்டில் ராஜஸ்தானில் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. 2005 அக்டோபர் 12 முதல் மத்தியச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே 2005-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பணிகளைக் கிராம சபை சமூகத் தணிக்கை செய்ய வேண்டுமென வகுத்தது. கோட் கிரானாவின் பந்தலில் நடந்ததே சட்டப் பிரிவாயிற்று எனலாம்.

தமிழ்நாடு இவ்விஷயத்தில் பின்தங்கியிருக்கவில்லை. 1997-ஆம் ஆண்டிலேயே, மாநிலங்களுள் முன்னோடியாக, தகவல் உரிமைச் சட்டத்தை நாம் இயற்றிவிட்டோம். ஆயினும் அச்சட்டத்தில் விதிவிலக்குகள் மிகுந்திருந்தன. அதைப் பயன்படுத்திக் கேட்போரும் அருகியே இருந்தனர். கேட்டவர்களின் நெருக்குதலால் வந்த சட்டத்துக்கும், மேலிருந்து கீழே அருளப்பட்ட சட்டத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான் போலும்.

இக்கதையில் பலரும் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. கணக்கைக் காட்டும்படி ராஜஸ்தானில் உத்தரவுகள் வரத் தொடங்கியபோது, கிராம சேவகர்கள் அதனை எதிர்த்தனர். அரசாங்கத் தணிக்கைக்கு அன்றி வேறெவருக்கும் ஏடுகளைக் காட்டோம் என்று வேலை நிறுத்தமும் செய்தனர். அவர்களும் சங்கம் சேர்ந்தவர்களே. அவர்களுக்கும் அதே 19-ஆம் பிரிவே பாதுகாப்பு. ஆக, ஒரு குழு கணக்கைத் திற என்று நெருக்கியது. மற்றொரு குழு மூடு என்று நெருக்கியது. அழுத்தக் குழுக்கள் நல்லவையா, தீயவையா என்று மொத்தமாகக் கேட்பது எத்துணைப் பயனற்றது என்பதை இது நன்கு விளக்குகிறது. கத்தி நல்லதா என்று கேட்பது போன்றது அது.

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். கொங்கு நாட்டில் ஆற்றுப் பாசனம் குறைவு, கிணறே கதி. பம்புசெட்டு வந்த பின்னர் அங்கு விவசாயத்தின் உயிர்நாடி மின்சாரமாயிற்று. 1970-ஆம் ஆண்டில் மின்கட்டணம் யூனிட்டுக்குச் சில பைசா உயர்த்தப்பட்டபோது விவசாயிகள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு ஜூன் 19-ஆம் நாள் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூவர் உயிர் துறந்தனர். 1972-இல் மீண்டும் கட்டணம் உயர்ந்தபோது மாட்டு வண்டிகள் கோவை நகரத்து வீதிகளை அடைத்து நின்ற காட்சியை அந்தத் தலைமுறையினர் இன்றும் சொல்வர். அவ்வாண்டும் உயிர்ப் பலி நேர்ந்தது. நாராயணசாமி நாயுடு அவர்களின் தலைமையில் வளர்ந்த விவசாயிகள் சங்கத்தைக் கட்சிகள் அனைத்தும் மதித்தாக வேண்டியதாயிற்று. பின்னர் எண்பதுகளின் நடுவில் சிறு விவசாயிகளுக்கும், அதன்பின் 1990-ஐ ஒட்டி எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. மாநிலத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பம்புசெட்டுகள் இவ்வாறு ஓடுகின்றன.

அச்சங்கத்தின் போராட்டம் நியாயமற்றது என்று நாம் சொல்ல வரவில்லை. விளைபொருளுக்கு விலையில்லாமல், கடனும் வட்டியுமாகத் தவித்த குடியானவனின் குரலை அதற்கு முன்னர் கேட்டவர் யார்? இலவச மின்சாரம் சரியான கொள்கையா என்று தீர்ப்புரைப்பதும் அரசு ஊழியராகிய நமக்கு உரியதன்று. நாம் சுட்ட விரும்புவது வேறு. மின்சாரத்துக்காகப் பேசச் சங்கம் இருந்தது. தண்ணீருக்காகப் பேச எவரும் இல்லை. மீட்டர் இல்லாத மோட்டார் இரவும் பகலும் ஓடிற்று. நிலத்தடி நீர் இறங்கிற்று. கிணற்றை ஆழப்படுத்தினர், பக்கத்தில் துளை போட்டனர், பின்னர் ஆழ்துளைக் கிணறு. கோவை, திருப்பூர்ப் பகுதிகளில் ஆயிரம் அடிக்கும் கீழே துளையிட்டும் புழுதி பறப்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். இந்த ஓட்டப் பந்தயத்தில் முதலில் களைத்து வீழ்ந்தவன் சிறு விவசாயியே. எவன் பெயரால் போராட்டம் தொடங்கியதோ, அவனுடைய கிணறே முதலில் வற்றிற்று. நிலமே இல்லாத கூலித் தொழிலாளிக்கு இலவச மின்சாரத்தால் மோட்டார் ஓடவில்லை. ஆனால் ஊர்க் குடிநீர்க் கிணறு வற்றியபோது குடத்துடன் நடந்தவள் அவன் மனைவி. மாநிலத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. அவற்றின் மதகு பழுதானால் கோவை வீதிகளை அடைத்து நிற்க எந்த வண்டியும் வரவில்லை.

இதற்குச் சங்கத்தைக் குற்றம் சொல்வது முறையாகாது. தன் உறுப்பினருக்காக வாதாடுவதே சங்கத்தின் வேலை. வழக்கில் ஒரு பக்கத்து வக்கீல் மட்டுமே வந்திருந்தால், அவர் திறமையாக வாதாடியதற்காக அவரைக் கோபித்துப் பயன் என்ன? மறுபக்கத்துக்கு யார் என்று கேட்க வேண்டியவர் நீதிபதி. வளர்ச்சிப் பணியில் அந்த இடம் மக்கள் பிரதிநிதிக்கும், அலுவலருக்கும், கிராம சபைக்கும் உரியது.

மறுபக்கம் ஏன் வருவதில்லை என்பதற்கு மன்கர் ஓல்சன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1965-இல் வெளியிட்ட நூலொன்றில் காரணம் கூறியிருக்கிறார். ஆதாயம் சிலருக்கே போகுமானால், ஒவ்வொருவருக்கும் பங்கு பெரிது. ஆகவே அவர்கள் விரைவில் ஒன்று சேர்வர். ஆதாயமோ நஷ்டமோ ஆயிரக்கணக்கானவர்க்குப் பிரிந்து போகுமானால், ஒவ்வொருவரும் 'மற்றவர் பார்த்துக்கொள்வார்' என்று இருந்துவிடுவர். இதை அறிய நூல் படிக்கவும் வேண்டாம். ஓர் ஒன்றியத்தில் ஒப்பந்தக்காரர்கள் இருபது பேர் இருந்தால், ஒரு தேநீர்க் கடை பெஞ்சிலேயே சங்கம் அமைந்துவிடும். அவர்கள் போட்ட சாலையில் நடக்கும் முப்பதாயிரம் பேருக்குச் சங்கம் உண்டா?

நாம் முன்னர்ப் பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில், ஓராண்டில் வந்த மனுக்களை ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்தோம். திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் நடத்தும் குறைதீர்க்கும் நாளிலிருந்து நமக்கு அனுப்பப்பட்டவையும் அதில் அடங்கும். பேருந்துச் சாலையை ஒட்டிய ஊர்களிலிருந்தே பெரும்பகுதி வந்திருந்தது. சாலையோரத்துப் பெரிய ஊர் ஒன்றில் மட்டும், இரண்டாவது மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி வேண்டுமென்று மூன்று சங்கங்கள் தனித்தனியே மனுக் கொடுத்திருந்தன. மலையடிவாரத்து இருளர் குடியிருப்பு ஒன்றின் பெயர் அப்பதிவேட்டில் ஒருமுறைகூட இல்லை. நேரில் சென்று பார்த்தபோது, அங்கிருந்த ஒரே கைப்பம்பு பழுதாகிப் பல மாதம் ஆகியிருந்தது. 'ஏன் அம்மா, அலுவலகத்துக்கு வந்து சொல்லக் கூடாதா?' என்று கேட்டோம். ஒரு மூதாட்டி, 'வரப் போக ஒரு நாள் கூலி போயிடும் ஐயா. வந்தாலும் எங்களை உள்ளே விடுவாங்களா?' என்றார். கூலிக் கணக்கை அவர் சரியாகத்தான் போட்டிருந்தார். இரண்டாவது கேள்விக்கு அங்கே நின்றிருந்த நம்மில் எவரும் பதில் சொல்லவில்லை.

அடுத்த கிராம சபையில் தொட்டிக் கோரிக்கையையும் கைப்பம்பின் நிலையையும் அடுத்தடுத்துப் படிக்கச் செய்தோம். சற்று நேரம் சலசலப்பு இருந்தது. தொட்டி கேட்ட சங்கத்தின் தலைவரே எழுந்து, 'முதலில் பம்பைச் சரி செய்யுங்கள்' என்றார். கேட்போர் பலர் இருக்கும் அவையில் நின்று, தன் கோரிக்கையே முந்தியது என்று கூற அவருக்கு மனம் வரவில்லை. அதே மனிதர் நம் அறையில் தனியே அமர்ந்திருந்தபோது அவ்வாறு சொன்னதில்லை! கைப்பம்பு பத்து நாளில் சரியாயிற்று. ஆனால் இரண்டாவது தொட்டியும் வேறொரு நிதியிலிருந்து ஆறு மாதத்தில் வந்து சேர்ந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நெருக்கத் தெரிந்தவர்களுக்கு வாயில்கள் பல.

இதிலிருந்து நாம் கைக்கொண்ட வழக்கம் ஒன்று உண்டு. எக்குழு எதைக் கேட்டாலும் மறுப்பதில்லை. எழுத்தில் கேட்கச் சொல்கிறோம். அதைக் கிராம சபையில் படிக்கச் சொல்கிறோம். அறைக்குள் சொல்லக்கூடியதாகவும், சபையில் சொல்ல முடியாததாகவும் ஒரு கோரிக்கை இருந்தால், அதைப் பற்றி மேலும் ஆராய வேண்டிய தேவை பெரும்பாலும் இருப்பதில்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுவதென 2022-இல் ஏற்பாடாயிற்று. குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜயந்தி, நவம்பர் முதல் நாளாகிய உள்ளாட்சி நாள் என்பன அவை. ஆறு நாளும் ஒரே கூட்டத்தார் முன்வரிசையில் அமர்ந்து, கையெழுத்துக்காகப் பிறர் பின்னால் நிற்கும் சபையும் உண்டு என்பதை நாம் அறியாதவரல்லோம். சபை கூட்டுவதாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவது குழந்தைத்தனம். ஆயினும் அறையினும் சபை மேல்.

மகளிர் குழுக் கூட்டமைப்பினருக்குத் தனியே ஒரு சொல். கடனும் சேமிப்பும் மட்டுமே உங்கள் வேலை என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு குக்கிராமத்திலும் கால் பதித்துள்ள அமைப்பு இவ்வொன்றியத்தில் உங்களுடையது ஒன்றே. ஆனால் பிறர் கணக்கைக் கேட்கும் முன்னர் உங்கள் கூட்டமைப்பின் கணக்கை உறுப்பினர் முன்னிலையில் படித்துவிடுங்கள். ராஜஸ்தானத்து ஊழியர்கள் கூலித் தொழிலாளியைப் போல் வாழ்ந்ததனாலன்றோ அவர்களைப் பார்த்து 'உங்கள் கணக்கு எங்கே?' என்று எவராலும் கேட்க முடியாமற் போயிற்று.

ஊராட்சிச் செயலர்கள் கடந்த மூன்று கிராம சபைகளின் தீர்மானப் புத்தகங்களை எடுத்து வந்திருப்பீர்கள் என நம்புகிறோம். குக்கிராமங்களின் பட்டியல் அச்சிட்டு வைக்கப்பட்டுள்ளது. உணவுக்குப் பின்னர் இரண்டு மணிக்கு ஊராட்சிவாரியாக அமர்ந்து, எந்தெந்தக் குடியிருப்பின் பெயர் தீர்மானங்களில் ஒருமுறையும் இடம்பெறவில்லை என்று குறித்துத் தாருங்கள். ஒவ்வொரு மேசையிலும் மகளிர் குழுவினர் இருவரும் இளைஞர் மன்றத்தினர் ஒருவரும் இருக்கட்டும். அடுத்த வாரச் சுற்றுப்பயணத்தை அந்தப் பட்டியலை வைத்தே வகுக்க இருக்கிறோம்.